‘இரண்டாம் பெயர்வு’ என்று நான் எழுதிய குறிப்பு: பந்தலூர்ப் பகுதியில் ஓர் ஆலோசனை நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் இடம்பெறும் பெண்மணி உளவியல் ஆலோசகரான என்னிடம் முதன்முதலில் வந்தபோது அவருக்கு வயது 57. நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில் ஒரு தனியார் தேயிலைத் தோட்டத்தில் அது அவருக்கு 34ஆம் ஆண்டு. 2022 நவம்பர் முதல் 2023 மே வரை 12 அமர்வுகள் நடந்தன. இதை எழுத அவருடைய ஒப்புதலைப் பெற்றிருக்கிறேன். எழுதி முடித்ததை அவருக்குப் படித்தும் காட்டினேன். தோட்டத்தையும் குடும்பத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாற்றாமல் விட்டிருப்பது என்னைப் பற்றிய விவரங்களை மட்டுமே. ஏனெனில் இந்த நிகழ்வில் முதல் ஐந்து அமர்வுகள் வீணானதற்கு, அல்லது வீணுக்கு நெருக்கமாகப் போனதற்கு, காரணம் அவருடைய நோய் அல்ல. என் வளர்ப்பும் அதன்மேல் நான் வைத்திருந்த நம்பிக்கையும்தான்.

என் பின்னணி

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக இருந்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்றது. அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களில் என் பெற்றோரும் இருவர். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாட்கள் இருந்து, அங்கிருந்து நீலகிரிக்கு வந்தார்கள். இந்த மலையில் எங்களைப் போன்றவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசுத் தாள்களில் எழுதுவார்கள். கடைத்தெருவில் ‘சிலோன்காரர்’ என்பார்கள். நான் இங்கே, லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள். எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது அப்பா இறந்தார். வீடு அவர் பெயரில் பதிவாகியிருந்தது. அம்மா அப்போது தற்காலிகக் கூலி. மூன்று மாதத்தில் லயத்தைக் காலி செய்தோம். பெட்டிகளையும் அம்மியையும் ஜீப்பில் ஏற்றியபோது, லயத்துக்குப் பின்னால் தான் கொத்திப் போட்டிருந்த காய்கறிப் பாத்தியின் ஓரத்தில் அம்மா வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், கூடலூருக்குப் போகும்போதெல்லாம் அம்மா அந்தப் பழைய தோட்டத்து நிறுத்தத்தில் இறங்கி, அடுத்த பேருந்தில்தான் வந்து சேர்வார்.

உளவியல் ஆலோசனை படிக்கப் போன இடத்தில் இந்த நினைவு எனக்கு ஒரு மூலதனம் போலத் தோன்றியது. கவுன்சலிங் என்பதற்கு எங்கள் பாடப் புத்தகத்தில் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்ற சொல் இருந்தது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனை நிறுத்தி, தான் நடந்த வழியைச் சொல்லி, வள்ளலிடம் போகச் செய்வதுதான் சங்கப் புலவர்களின் ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி; அந்த வழியில் முன்பே நடந்தவனுக்குத்தான் அதைச் சொல்லும் தகுதி. நானும் நடந்தவள் என்ற எண்ணத்தில் அந்தச் சொல்லை மிகவும் விரும்பினேன். எதிரே வருபவர் அதே ஊருக்குத்தான் போகிறாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எங்கே, எப்படிப் பார்க்கிறேன்

வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை, மகளிர் சுயஉதவிக் குழுவினர் தரும் ஓர் அறையில் அமர்கிறேன். அதே கட்டடத்தின் முன்னறையில் அன்றைக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். இது தற்செயல் அல்ல. நான் கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு. தோட்டத்தில் யார் எந்தப் பேருந்தில் எங்கே போனார்கள் என்பது மறுநாள் காலை மஸ்டருக்குள், அதாவது வேலைக்கு வருகை எடுப்பதற்குள், எல்லோருக்கும் தெரிந்துவிடும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இரகசியம் காக்கப்படுவதை உரிமையாக்கியிருக்கிறது என்றாலும், ஒரே சுவரின் இருபக்கமும் இரு குடும்பங்கள் வாழும் லயத்தில் அந்த உரிமையைக் காப்பாற்றுவது சட்டம் அல்ல, சர்க்கரைப் பரிசோதனைதான். ‘சுகர் பார்க்கப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டு வருபவர்கள் உண்மையிலேயே பார்த்துவிட்டுப் போகட்டும் என்பதால், முன்னறையில் விரலில் ஊசி குத்திக்கொண்ட பிறகே என் அறைக்கு வருவார்கள்.

அமர்வு 50 நிமிடம் என்பது பாடத்தில் உள்ள கணக்கு. இங்கே அது பேருந்தின் கணக்கு. சாலையில் யானை நின்றால் அரை மணி தாமதமாக வருவார்கள். கடைசி வண்டிக்கு முன்பே எழுந்துவிடுவார்கள். அறிவுரை சொல்வதில்லை என்பதையும், இங்கே பேசுவது வெளியே போகாது என்பதையும், உயிருக்கு ஆபத்து என்று எனக்குப் பட்டால் மட்டும் அந்த வாக்கு மாறும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். மூன்றாவதைச் சொல்லும்போது சிலர் எழுந்து போய்விடுவதும் உண்டு. ஆனாலும் அதைச் சொல்லாமல் தொடங்கியதில்லை.

முதல் அமர்வு

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அனுப்பியிருந்தார். இரண்டு மாதமாக மாலை நேரத்தில் மார்பு அடைப்பு, படபடப்பு, கை மரத்துப்போதல், இரவில் தூக்கமின்மை. இ.சி.ஜி., தைராய்டு, சர்க்கரை எல்லாம் சரியாக இருந்தன. பி.எச்.க்யூ-9 என்னும் ஒன்பது கேள்விப் படிவத்தை நான் வாசிக்க, அவர் பதில் சொன்னார். 27க்கு 16 வந்தது. மிதமானதைத் தாண்டிய மனச்சோர்வு. சாவைப் பற்றிய ஒன்பதாம் கேள்விக்கு, “சில நாள் தோணும்” என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகு அடுத்த விஷயத்துக்குப் போவதற்கில்லை. தானாகச் செய்துகொள்ளும் எண்ணம் உண்டா, எப்படி என்று யோசித்ததுண்டா, தோட்டத்துப் பூச்சிமருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக, நேரடியாகவே கேட்டேன். “தானா வந்தா நல்லாயிருக்கும்னுதான் மேடம். நானா எதுவும் தேடிக்க மாட்டேன்,” என்றார். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்லி, ராத்திரி மனசு சரியில்லையென்றால் அவள் வீட்டுக் கதவைத் தட்டுவதாக ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தைய மாதம் தொடங்கியிருந்த ‘டெலி மானஸ்’ என்னும் இலவச மனநல உதவித் தொலைபேசி எண்ணை, 14416, ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

காரணம் என்று அவர் தானாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: வரும் மே மாதம் 58 நிறைகிறது, வேலை முடிகிறது, வீட்டை விட வேண்டும். அப்போது நடப்பில் இருந்த 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுக்கச் சொன்னது வேலையில் இருப்பவருக்கு. வேலை போனால் கூரையும் போகும். கணவர் ஆறு ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். மனைவி, இரண்டு குழந்தைகள். இந்தப் பெண்மணியும் கப்பலில் வந்தவர்; ஒன்பது வயதில், 1974இல்.

அன்று இரவு எழுதிய குறிப்பில் ‘இரண்டாம் பெயர்வு’ என்று எழுதி அடிக்கோடு இட்டிருக்கிறேன். ஒன்பது வயதில் பிடுங்கி நடப்பட்டவரை 58இல் மறுபடி பிடுங்குகிறார்கள் என்பது என் விளக்கம். அழகான விளக்கம்தான். அதே பக்கத்தில், அதற்கு நான்கு வரி மேலே, ‘அடைப்பு மாலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது, ஞாயிறு இல்லை’ என்று அவர் சொன்னதும் என் கையெழுத்தில் இருக்கிறது. ஆறு மணிக்கு ஏன் என்று அவரைக் கேட்பதற்குப் பதிலாக, அது வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பும் நேரம் என்றும், இருட்டினால் யானை இறங்கும் பகுதி என்றும் நானே பதில் எழுதிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை யானைக்கு விடுமுறை இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு முதல் ஐந்து வரை

மூன்றாம் அமர்வில் அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். அந்த மௌனத்தில் நான், “எங்க அம்மாவும் லயத்தைவிட்டு இறங்கினவங்கதான். அந்த வலி எனக்குத் தெரியும்மா,” என்றேன். அவர் கண்ணீர் விட்டார். என் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தார். கதவு திறந்துவிட்டது என்று குறிப்பில் எழுதினேன்.

ஆலோசகர் தன் கதையைச் சொல்லலாமா கூடாதா என்பது எங்கள் தொழிலில் பழைய வழக்கு. வந்தவர்மீது ஆலோசகரின் சொந்த உணர்வுகள் படிந்துவிடுவதை உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த பிராய்டு 1910இலேயே எச்சரித்தார். தன்னை வெறும் கண்ணாடியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற மரபு அங்கிருந்து வந்தது. ஆலோசகர் ஒளிவுமறைவில்லாத மனிதராக இருப்பதே குணமாக்கும் நிபந்தனைகளில் ஒன்று என்று அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1957இல் எழுதினார். என் சாய்வு ராஜர்ஸ் பக்கம். எங்கள் ஊரில் ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்காமல் யாரும் யாரிடமும் மனம்விட்டுப் பேசுவதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதவரிடம் சர்க்கரை அளவைக்கூடச் சொல்லமாட்டார்கள். ஆகவே யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லியதில் தவறில்லை என்றே இன்றைக்கும் கருதுகிறேன். தவறு அதற்கு அடுத்த வாக்கியத்தில் இருந்தது: ‘அந்த வலி எனக்குத் தெரியும்.’

அதற்குப் பிறகு அவர் மாறினார், ஆனால் நான் நினைத்த விதத்தில் அல்ல. என் அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தார். கொய்யா கொண்டுவந்தார். வீட்டைப் பற்றி நான் கேட்டால், கேட்ட அளவுக்குச் சொன்னார். கப்பலைப் பற்றி நான் திரும்பத் திரும்பக் கேட்டதற்கு, “வாந்தி எடுத்தேன் மேடம், மண்டபத்துல பன்னு குடுத்தாங்க, அதான் ஞாபகம்,” என்றார். அதையும் நான் மறைத்துவைத்த துயரம் என்றே கொண்டேன். இதற்கிடையில், என் வற்புறுத்தலின்பேரில் நடுவட்டம் ஏறி உதகை அரசு மருத்துவமனைக்குப் போய், ஒரு நாள் கூலியை இழந்து, மனநல மருத்துவரைப் பார்த்துவந்தார். நான்காம் வாரம் மாத்திரை தொடங்கியது. ஐந்தாம் அமர்வில் படிவத்தை மறுபடி வாசித்தபோது மதிப்பெண் 15. சாவு எண்ணம் குறைந்திருந்தது. மற்றவை அப்படியே.

மேற்பார்வை

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கோயம்புத்தூரில் இருக்கும் மூத்த ஆலோசகர் ஒருவரிடம் தொலைபேசியில் என் நிகழ்வுகளைச் சொல்லி விவாதிக்கிறேன். பெயர் நீக்கிய அமர்வுக் குறிப்புகளை முன்கூட்டியே அனுப்பிவிடுவேன். அன்று அவர் பேசியது குறைவு. “இந்த ஒரு பக்கத்தில் நீங்கள் எத்தனை முறை ‘அம்மா’ என்று சொல்லியிருக்கிறீர்கள், எண்ணிப் பாருங்கள்,” என்றார். பதினொன்று. வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அம்மா என்பது நம் வழக்கம், அது மரியாதைச் சொல் என்று வாதாடினேன். “மற்றவர்களையும் இத்தனை முறை அழைக்கிறீர்களா?” என்று கேட்டார். மற்ற மூன்று பேரின் குறிப்புகளைப் புரட்டினேன். ஒன்றில் இரண்டு முறை, மற்றவற்றில் அதுவும் இல்லை. மரியாதைக்கும் உறவுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில், எப்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனோம் என்பது காதுக்குத் தெரிவதில்லை. அவர் கேட்ட இரண்டாவது கேள்வி: “ஐந்து வாரத்தில் யார் யாரைத் தேற்றிக்கொண்டிருக்கிறார்கள்?”

அந்த வாரக் கடைசியில் என் அம்மாவிடம் போய், இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கேட்காததைக் கேட்டேன்: அந்த நிறுத்தத்தில் எதற்காக இறங்குவாய்? அம்மா கொஞ்சம் யோசித்தார். “கடைசி லயத்துல சீட்டுப் புடிச்சாளே, அவளுக்குக் காசு குடுக்க. வேற என்னத்துக்கு?” என்றார். பாத்தியில் உட்கார்ந்திருந்தது? “பீட்ரூட் இன்னும் ரெண்டு வாரத்துல எடுத்திருக்கலாம். வயித்தெரிச்சல்.” அம்மாவுக்குத் துயரமே இல்லை என்று நான் சொல்லவில்லை, ஆனால் நான் இருபத்தைந்து ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருந்த துயரத்தில் பெரும்பகுதி பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி தனக்காக உண்டாக்கிக்கொண்டது என்பதை அன்று ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆறாம் அமர்வு

ஜனவரி முதல் வாரம். அவரை அக்கா என்று அழைக்கலாமா என்று கேட்டேன், சிரித்துத் தலையாட்டினார். பிறகு இப்படிச் சொன்னேன்: “அக்கா, எங்க வீட்டுக் கதைய நான் உங்கமேல ஏத்திட்டேன். வீடு போறதப் பத்தி உங்களுக்கு என்ன தோணுதுன்னு நான் இன்னும் ஒழுங்கா கேக்கவே இல்ல. இப்போ கேக்கறேன்.”

முன்னறையில் இரண்டு பேருக்கு இரத்த அழுத்தம் பார்த்து முடிக்கும் அளவுக்கு அவர் பேசவில்லை. பிறகு சொன்னார்: “வீடு போறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு இருந்தேன்.” அந்த வீட்டில் அவர் 31 ஆண்டுகள் இருந்தார், அதில் 25 ஆண்டுகள் கணவரிடம் அடிபட்டார். அடுப்படிச் சுவரில் எந்த இடத்தில் தலை மோதியது என்று இன்றைக்கும் கைவைத்துக் காட்ட முடியும் என்றார். “அந்தச் செவரப் பாக்காம கண்ண மூடினா போதும்.”

அப்படியானால் ஆறு மணிக்கு என்ன நடக்கிறது என்று, எட்டு வாரம் தாமதமாக, கேட்டேன். மகன் கம்பெனியில் தேநீர் இடைவேளையில் தொலைபேசியில் அழைக்கும் நேரம் அது. ஞாயிறு கம்பெனி இல்லை, அழைப்பும் இல்லை. மே மாதம் வந்து கூட்டிப்போகிறேன், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், தனியாக விட்டுவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று தினமும் சொல்கிறான். நல்ல பையன், குடிக்கமாட்டான், பணம் அனுப்புகிறான். அவனிடம் சொல்ல முடியாத ஒன்று அவருக்குள் இருந்தது. என்னிடம் சொல்லும்போதும் குரல் தாழ்ந்துதான் வந்தது. “எனக்குத் தனியா இருக்கணும். ஒரு ரூம்பு. நானா சமைச்சு, நானா தூங்கி எந்திரிக்கணும். இப்பிடி ஒரு தாய் நெனைப்பாளா?”

இழப்பின் துயரம் என்று நான் ஐந்து வாரம் கேட்டுக்கொண்டிருந்தது ஓர் ஆசை. ஆசை என்பதால்தான் அதைச் சொல்ல அவருக்கு வெட்கம்; வெட்கம் என்பதால்தான் நான் நீட்டிய துயரத்தை அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். பெரிய மனுஷியின் பண்பு அது. வருந்துகிறவள் போலத் தெரிந்த என்னை ஏமாற்றமடையச் செய்ய அவருக்கு மனமில்லை.

பிறகு நடந்தவை

ஏழாவது அமர்விலிருந்து வேலை எளிதாயிற்று என்று சொல்லமாட்டேன். வேலை எது என்பது தெளிவாயிற்று. தனியாக இருப்பதா, திருப்பூருக்குப் போவதா என்பதில் நான் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்பதே என் முதல் கவலை. சாய்வு எனக்கு இருந்தது. அதையும் மேற்பார்வையில் சொல்லி வைத்தேன். இரண்டு வழியிலும் ஒரு நாள் எப்படிப் போகும் என்று காலையிலிருந்து இரவு வரை அவரே சொல்லிப் பார்த்தார். திருப்பூர் நாளைச் சொல்லும்போது பேரக்குழந்தைகள் பகுதியில் முகம் மலர்ந்ததையும் நான் சுட்டிக்காட்டினேன். இல்லையென்றால் மறுபடி ஒரு பக்கத்தை மட்டும் கேட்டவளாவேன்.

பணக் கணக்கும் ஆலோசனையின் பகுதியாக வந்தது. சட்டப்படி ஒவ்வோர் ஆண்டு வேலைக்கும் 15 நாள் கூலி பணிக்கொடை; 34 ஆண்டுக்கு 510 நாள் கூலி. இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது, மதிப்பெண் எதிலும் காணாத ஒரு நிமிர்வை அவர் முதுகில் கண்டேன். பந்தலூர்க் கடைத்தெருவுக்குப் பின்னால் போக்கியத்துக்கு ஓர் அறை கிடைக்குமா என்று பக்கத்து வீட்டுப் பெண்ணோடு போய் விசாரித்துவந்தார். கணக்குப் பார்ப்பது ஆலோசகரின் வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. கையில் என்ன இருக்கிறது என்று தெரியாதவரிடம் ‘உங்களுக்கு என்ன வேண்டும்’ என்று கேட்பதில் பயனில்லை என்பது என் அனுபவம்.

மகனிடம் பேசுவதை அறையில் மூன்று முறை ஒத்திகை பார்த்தோம். நான் மகனாக நடித்தேன். முதல் முறை என் முதல் கோபத்திலேயே அவர் “சரிப்பா” என்று சொல்லிவிட்டார். மூன்றாம் முறை, “உன்மேல பாசம் இல்லாம இல்ல. எனக்கு ஒரு கதவு வேணும், நான் தாப்பா போட்டுக்க,” என்றார். அந்த வாக்கியம் முழுக்க அவருடையது. பிப்ரவரியில் மகனிடம் அதைச் சொன்னார். மகன் 19 நாள் அழைக்கவில்லை. அழைப்பு வராதபோதும் ஆறு மணிக்கு மார்பு அடைத்தது. உடம்புக்குச் செய்தி போய்ச்சேரக் காலம் பிடிக்கிறது. மூன்றாம் வாரத்தில் குறைந்தது. பத்தாம் அமர்வுக்கு முன்பாக மகனே அழைத்து, மருமகளின் தாய் வந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கோபம் தீர்ந்த குரலா என்றேன். “தீரல. ஆனா கூப்பிட்டான்ல,” என்றார்.

மதிப்பெண் பதினோராம் அமர்வில் 8. மே மாதக் கடைசி அமர்வில் 6. இந்தக் குறைவை என் அறைக்குள் நடந்தவற்றுக்கு மட்டும் எழுதிக்கொள்ள முடியாது. மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் காலமும் ஆறாம் அமர்வும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. கேள்விகளை நானே வாசித்ததால், எனக்குப் பிடித்த பதிலைச் சொல்லும் பழக்கம் அவரிடம் எவ்வளவு மிஞ்சியிருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இப்போது அந்தப் படிவத்தை முன்னறையில் இருக்கும் செவிலியர் வாசிக்கிறார்.

குறிப்பேட்டிலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். பக்கத்தை நடுவில் கோடிட்டு, இடப்பக்கம் வந்தவர் சொன்ன சொற்களையும் வலப்பக்கம் எனக்குத் தோன்றியதையும் எழுதுகிறேன். முதல் மூன்று அமர்வுகள் முடியும்வரை வலப்பக்கத்தில் எதற்கும் அடிக்கோடு இடுவதில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பவர்களுக்கு இன்றும் மறைக்காமல் சொல்கிறேன், சொல்லிவிட்டு, “உங்க வீட்ல எப்படி?” என்று கேட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

நவம்பரில் அவரைத் தொடர் விசாரிப்புக்காகச் சந்தித்தேன். மாத்திரையை மருத்துவர் சொன்னபடி குறைத்துக்கொண்டு வருகிறார். அறை பந்தலூரிலேயே அமைந்துவிட்டது. ஒரு ஜன்னல், ஒரு கேஸ் அடுப்பு, உள்தாழ்ப்பாள். தீபாவளிக்கு மகன் குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்கியிருக்கிறார். ஐந்து பேருக்கும் படுக்க இடம் போதவில்லை என்று மகன் குறைபட்டுக்கொண்டதாகவும், அடுத்த முறை பாய் ஒன்று கூடுதலாக வாங்கி வைப்பதாகத் தான் சொல்லியிருப்பதாகவும் சொல்லிவிட்டு, சுகர் பார்க்கும் வரிசையில் போய் நின்றுகொண்டார்.